பிரியும் பெற்றோரும் நடுவில் நிற்கும் பிள்ளையும்

(இளைஞர் மன்றத்தின் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆண்டு விழா மேடையில் ஏறுகிறவர் கோணமாமலையின் பெருமையையோ, சைவ ஒழுக்கத்தின் சிறப்பையோ, விபுலானந்த அடிகள் இந்நகரில் ஆற்றிய கல்விப் பணியையோ எடுத்துப் பேசுவதே வழக்கம். இம்முறை செயலாளர் தம்பி என்னிடம் வந்து, "ஐயா, வீட்டுக்குள் நடப்பதைப் பற்றிப் பேசுங்கள், மன்றத்துக்கு வருகிற பிள்ளைகள் சிலர் இரண்டு வீட்டுக்கும் நடுவில் நிற்கிறார்கள்" என்றார். அவர் குறிப்பிட்டது தாயும் தகப்பனும் பிரிந்த வீடுகளை. விழா நாளில் இப்படியொரு பேச்சா என்று முகஞ்சுழிப்போர் இந்தச் சபையிலும் இருக்கலாம். அவர்கள் சற்றுப் பொறுத்துக் கேட்க வேண்டுகிறேன்.

நான் சட்டத்தரணியல்லன், மருத்துவனுமல்லன். ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். சில காலமாக மத்தியஸ்த சபையில் அமர்ந்து ஊராரின் பிணக்குகளைக் கேட்டு வருபவன். கேட்டவற்றிலிருந்து ஒரேயொரு விடயத்தைச் சொல்லவே எழுந்தேன். புருஷனும் பெண்சாதியும் முரண்பட்டால் அவர்களைச் சேர்த்து வைக்க நமக்குத் தெரியும். சேராவிட்டால் என்ன செய்வதென்று நமக்குத் தெரியாது. "நாங்கள் சொல்லிப் பார்த்தோம், கேட்கவில்லை" என்று சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து வந்துவிடுகிறோம். பிள்ளைக்கு நடுவர் வேண்டியிருப்பது அந்த நேரத்திலேதான்.

நமது பகுதியின் குடும்ப வழக்கத்தை முதலில் நினைத்துப் பார்க்க வேண்டும். கீழ்மாகாணத்துத் தமிழரிடையே வீடு பெரும்பாலும் பெண்ணுக்குச் சீதனமாகப் போகும். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருவார். பக்கத்து வளவில் அம்மம்மா இருப்பார். வேலிக்கு அப்பால் பெரியம்மாவோ சின்னம்மாவோ இருப்பார். இது நல்ல வழக்கம். பெண்ணையும் பிள்ளையையும் தெருவில் நிற்க விடாத வழக்கம். ஆயினும் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. முறிவு வந்தால் வெளியே போகிறவர் தகப்பன். அவர் தம் சகோதரி வீட்டுத் திண்ணைக்கோ, துறைமுகத்தடியில் ஒரு வாடகை அறைக்கோ போகிறார். பிள்ளையைக் கூட்டிப் போய் இருத்த அவரிடம் ஓர் இடம் இல்லை. மாதம் ஒன்றாகிறது, ஆறாகிறது. பிள்ளையைப் பார்க்க வருவது குறைகிறது. ஊர் சொல்கிறது, "தகப்பனுக்குப் பாசம் இல்லை" என்று. பாசம் இருந்ததா இல்லையா என்பது வேறு. உட்கார இடம் இல்லாதிருந்ததென்பதை யாரும் கவனிப்பதில்லை.

அப்பப்பா, அப்பம்மா நிலைமை இன்னும் இரங்கத்தக்கது. அவர்கள் எந்தச் சண்டையும் பிடித்தவர்களல்லர். பேரப்பிள்ளையைக் கோவில் வீதியில் தூரத்தே கண்டு, கூப்பிடலாமா கூடாதா என்று தயங்கி நிற்கிற முதியவர்களை நான் கண்டிருக்கிறேன். நீங்களும் கண்டிருப்பீர்கள்.

திருகோணமலை குடும்பங்களை நெடுங்காலமாகவே பிரித்துச் சேர்த்த ஊர். கப்பல் வரும், போகும்; வேலை வரும், போகும். 1957ஆம் ஆண்டு ஒக்டோபர் 15ஆந் திகதி பிரித்தானியர் கடற்படைத் தளத்தை ஒப்படைத்துப் போன பின்னர், அந்தத் தளத்தை நம்பியிருந்தவர்கள் பலர் பிழைப்புக்கு வேறு ஊர் தேடினர். பின்னர் 1983, 1990, 2006 ஆகிய ஆண்டுகளின் இடப்பெயர்வுகள். நடுவில் 2004இன் ஆழிப்பேரலை. முகாமில் நடந்த கலியாணங்கள் எத்தனை! தாலி கட்டினார்கள், பதிவு செய்யவில்லை. பதிவுகாரரைத் தேடிப் போக அப்போது யாருக்கு வழியிருந்தது? இவற்றோடு வெளிநாட்டு வேலையும் சேர்ந்தது. தகப்பன் கட்டாரில், அல்லது தாய் குவைத்தில். ஐந்து வருடம் தொலைபேசியிலேயே நடந்த இல்லறம், ஆள் திரும்பி வந்த ஐந்தாம் மாதத்தில் உடைகிறது. ஒரு விடயத்தை இவ்விடத்தில் சொல்லத்தான் வேண்டும். சிறு பிள்ளையை உடைய தாய் வீட்டு வேலைக்கு வெளிநாடு போவதென்றால் குடும்பப் பின்னணி அறிக்கை வேண்டும் என்று 2013இல் அரசாங்கம் விதித்தது. தகப்பன் போவதற்கு அப்படியோர் அறிக்கையை எவரும் கேட்டதில்லை. பிள்ளை வளர்ப்பதில் தகப்பனுக்குப் பங்கில்லை என்று நாம் எல்லோரும் எவ்வளவு எளிதாக ஏற்றுக்கொண்டிருக்கிறோம் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

அந்தக் காலத்தில் இவற்றையெல்லாம் தாய்மாமனும் கோவில் வண்ணக்கரும் ஊர்ப் பெரியவர்களும் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் வாக்குக்கு மதிப்பிருந்தது. நீதிமன்றம் ஏறினால் குடும்ப மானம் போய்விடும் என்ற அச்சமும் இருந்தது. அந்த முறையை நான் இகழ வரவில்லை. பல வீடுகள் அதனால் நிலைத்தன. ஆனால் அந்தப் பெரியவர்களின் வாயில் ஒரு பழமொழி எப்போதும் தயாராக இருந்தது: "அடிக்கிற கைதான் அணைக்கும்." இந்த ஒரு பழமொழியைச் சொல்லித் திருப்பி அனுப்பப்பட்ட பெண்கள் எத்தனை பேர் என்று கணக்கெடுத்தால் நாம் தலை நிமிர்ந்து நடக்க மாட்டோம். ஆகவே மேலே போகுமுன் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கை நீட்டுகிற வீட்டில் சமரசம் பேசுவது நடுவரின் வேலையன்று. அடிக்குப் பயந்து நிற்கிற ஒருவரும் அடிக்கிற ஒருவரும் ஒரே மேசையில் இருந்து ஒப்பந்தம் பேச முடியாது. பேசினால் அது ஒப்பந்தமும் அன்று. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் அதற்கென்றே உண்டு. நீதவான் நீதிமன்றத்தில் விண்ணப்பித்தால் முதலில் 14 நாட்களுக்கு இடைக்காலப் பாதுகாப்புக் கட்டளையும், விசாரணையின் பின் 12 மாதங்கள் வரைக்குமான கட்டளையும் பெறலாம். பெண்களுக்கான உதவித் தொலைபேசி 1938. பிள்ளைக்குத் தீங்கு நேர்ந்தால் 1929. இளைஞர்கள் இவ்விரு இலக்கங்களையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி, அடி உதை இல்லாத, ஆனால் மனம் முறிந்த வீடுகளுக்கு வருவோம். இவையே தொகையில் அதிகம்.

நமது பொதுச் சட்டம் 1907ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் திருமணப் பதிவுக் கட்டளைச் சட்டம். அது மணத்தை முறிக்க மூன்று காரணங்களையே ஏற்கும்: மணத்தின் பின் நிகழ்ந்த சோரம், வன்மத்தோடு கைவிட்டுச் செல்லல், மணநாளிலேயே இருந்த தீராத இயலாமை. மூன்றும் யாரோ ஒருவர்மேல் குறை நாட்டுகிற காரணங்கள். கண்டிச் சிங்களவருக்கு 1952ஆம் ஆண்டின் சட்டம் இருவரும் மனமொத்துப் பிரிய ஒரு வழி வைத்திருக்கிறது. இஸ்லாமியருக்கு 1951ஆம் ஆண்டின் சட்டத்தின்படி காதி நீதிமன்றம் இருக்கிறது. பொதுச் சட்டத்தின் கீழ் மணந்த நமக்கு அப்படி இல்லை. "எங்களுக்கு ஒத்துவரவில்லை, மரியாதையாகப் பிரிகிறோம்" என்று இருவர் ஒன்றாகப் போய் நின்றாலும், ஒருவர் மற்றவர்மேல் குற்றம் எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. எழுதுகிறபோது கை சும்மா இருக்குமா? ஒன்று எழுத வேண்டிய இடத்தில் பத்து எழுதுகிறார்கள். மறுபக்கம் இருபது எழுதுகிறது. அந்தக் கடதாசிகள் வீட்டு அலுமாரியிலே கிடக்கின்றன. எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரிந்த பிள்ளை ஒருநாள் அதை எடுத்து வாசிக்கிறது. சட்டம் மாற வேண்டுமா என்பதைச் சட்டம் படித்தவர்கள் பேசட்டும். வழக்கில் நடக்கிற இந்தச் சேற்றெறிதலுக்கு வெளியே, பிள்ளையைப் பற்றி மட்டும் பேச ஓர் இடம் வேண்டும் என்பதற்காக இதைச் சொன்னேன்.

பிள்ளை யாரிடம் வளர வேண்டும் என்பதில் நமது நாட்டில் வழங்கும் உரோம டச்சுச் சட்டம் ஆதியில் தகப்பனையே இயற்கைப் பாதுகாவலனாகக் கொண்டு அவருக்கு முன்னுரிமை தந்தது. காலப்போக்கில் நீதிமன்றங்கள் பிள்ளையின் நலனே எல்லாவற்றுக்கும் மேலானது என்ற நிலைக்கு வந்தன. 1991இல் இலங்கை ஏற்று உறுதி செய்த ஐக்கிய நாடுகளின் சிறுவர் உரிமைச் சாசனத்தின் 9ஆம் உறுப்புரை, பிரிந்து வாழும் பெற்றோர் இருவரோடும் நேரில் உறவு வைத்திருப்பது பிள்ளையின் உரிமை என்கிறது. கவனியுங்கள், பெற்றோரின் உரிமை என்று அங்கே சொல்லப்படவில்லை. நம்மிடம் வருகிறவர்கள் "பிள்ளையைப் பார்க்க எனக்கு உரிமை இருக்கிறது", "காட்டாமல் விட எனக்கு உரிமை இருக்கிறது" என்றே வாதாடுகிறார்கள். உரிமைக்காரன் வெளியே வேப்பமரத்தடியில் சோடா குடித்துக்கொண்டு இருக்கிறான்.

நடுவர் முறை நமது நாட்டுக்குப் புதிதன்று. 1958ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டத்தால் இணக்க சபைகள் அமைக்கப்பட்டன; எழுபதுகளின் இறுதியில் அவை மறைந்தன. பின்னர் 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தால் மத்தியஸ்த சபைகள் வந்தன. இன்றும் ஊரில் பலர் இதனை இணக்க சபை என்றே சொல்கிறார்கள், பெயர் பழகிவிட்டது. வார இறுதியிலே ஒரு பாடசாலை மண்டபத்தில் வாங்கைப் போட்டுக்கொண்டு கூடுகிறோம். சம்பளமில்லை. சட்டத்தரணிகள் வந்து வாதாட இடமில்லை. அங்கே பேசியதை நாளை நீதிமன்றத்தில் சாட்சியாகக் காட்ட முடியாது. ஆகையால் மனிதர்கள் சற்றுத் தாராளமாகவே வாய் திறக்கிறார்கள். மணத்தை முறிக்கிற அதிகாரம் எங்களுக்கில்லை. அது மாவட்ட நீதிமன்றத்துக்குரியது. 1978ஆம் ஆண்டின் நீதித்துறைச் சட்டம் வகுத்த குடும்ப நீதிமன்ற அதிகாரத்தை மாவட்ட நீதிமன்றங்களே இப்போது செலுத்துகின்றன. ஆனால் கணவனும் மனைவியும் தாமாக விரும்பி வந்து குடும்பப் பிணக்கைப் பேச எங்கள் வாசல் திறந்தேயிருக்கிறது.

அப்படி வந்த ஒரு பிணக்கைச் சொல்கிறேன். ஊர், பேர், தொழில் எல்லாம் மாற்றிவிட்டேன். அடையாளம் காண முயல வேண்டாம். தகப்பன் கடற்றொழில் செய்பவர். தாய் ஒரு கடையில் கணக்கு எழுதுபவர். ஒரு பையன், எட்டு வயது. பிணக்கு நகையைப் பற்றியது. படகு இயந்திரத்துக்காக மனைவியின் சங்கிலியை ஈடு வைத்தார், மீட்கவில்லை. முதலாஞ் சனிக்கிழமை சங்கிலி. இரண்டாஞ் சனிக்கிழமையும் சங்கிலி. அதோடு சீதனக் காசு, மச்சானின் மோட்டார் சைக்கிள், யாரோ கலியாணவீட்டில் சொன்ன ஒரு சொல். மூன்றாவது கிழமை என்னோடு இருந்த மத்தியஸ்தரான அம்மையார் ஒருவர், எதிர்பாராத வகையில் ஒரு கேள்வி கேட்டார்: "பிள்ளை இராத்திரியில் யாரோடு படுக்கிறான்?" தகப்பன், "தாயோடு" என்றார். தாய், "அம்மம்மாவோடு" என்றார். கூட வந்திருந்த அம்மம்மா சொன்னார்: "அவன் எங்கே படுக்கிறான்? விடிய விடியக் கண்ணை முழித்துக்கொண்டு கிடக்கிறான். அப்பா போனது தான் புத்தகம் கிழித்ததாலே என்று சொல்லுகிறான்."

அதன்பின் சங்கிலி பேச்சில் வரவில்லை என்று சொன்னால் அது கதையாகிவிடும். வந்தது, இரண்டு கிழமை கழித்து அதற்கும் ஒரு தவணைத் தீர்வு எழுதினோம். ஆனால் அன்று முதல் பேச்சின் முதலிடம் பையனுக்காயிற்று.

தான் குழப்படி செய்ததால்தான் அப்பா போனார் என்று அந்தப் பிள்ளை எண்ணியது புதுமையல்ல. சிறு பிள்ளைகள் உலகத்தில் நடப்பதற்கெல்லாம் தாமே காரணம் என்று கருதுகிற வயதில் இருப்பவர்கள். உளவியலறிஞர் இதனை விரிவாகவே ஆராய்ந்திருக்கின்றனர். பள்ளிக்குப் போகிற வயதுப் பிள்ளை வேறு விதம்: அது இருவரையும் திருப்திப்படுத்தப் பார்க்கும்; அம்மா வீட்டில் ஒரு கதை, அப்பா வீட்டில் ஒரு கதை சொல்லும். அதைப் பொய் என்று அடிப்பார்கள். பொய்யன்று, அது பிள்ளை செய்கிற சமரசம். பெரியவர்கள் செய்யத் தவறியதை அது தன் அறிவுக்கு எட்டியபடி செய்கிறது. பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளை ஒன்றும் சொல்லாது. புத்தகத்தை மூடிவிட்டு வெளியே போய்விடும். இந்த மன்றத்தின் இளைஞர்கள் அந்த வயதை அடுத்தவர்கள். அந்தப் பிள்ளையை என்னைவிட நீங்களே நன்கு அறிவீர்கள்.

புராணங்களிலும் இது உண்டு. நளன் கதையை நமது பெரியோர் கேட்டு வளர்ந்தவர்கள். சூதிலே நளன் யாவற்றையும் இழந்துவருகிற வேளையில் தமயந்தி என்ன செய்தாள்? தேரோட்டியை அழைத்து, இரு குழந்தைகளையும் தன் தந்தையின் ஊருக்கு அனுப்பி வைத்தாள். வீடு எரிகிறபோது முதலில் பிள்ளைகளை வெளியே எடுத்தவள் அவள். கணவனைப் பற்றி ஒரு குறை சொல்லி அனுப்பவில்லை. பல காலத்தின் பின் உருமாறி வந்த நளனிடம் தோழி அக்குழந்தைகளை அழைத்துப் போகிறபோது, அவன் அவர்களை எடுத்தணைத்து அழுகிறான். நெடுங்காலம் காணாத தகப்பனையும் பிள்ளைகளையும் அப்படி அருகருகே நிறுத்த ஒரு தோழி வேண்டியிருந்தது என்பதை மட்டும் இங்கே குறித்துக்கொள்கிறேன். கதையில் அவர்கள் திரும்பச் சேர்ந்தார்கள். நம்மிடம் வருகிற எல்லோரும் சேர மாட்டார்கள்.

நடுவர் வழியாகப் பேசுவதால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு ஓர் ஆய்வைச் சொல்வேன். அமெரிக்காவின் வேர்ஜினியா மாநிலத்தில் ரொபேட் எமெரி என்ற உளவியற் பேராசிரியரும் அவருடைய குழுவினரும், பிள்ளைகளின் பொறுப்புக் குறித்து நீதிமன்றம் போகவிருந்த பெற்றோரைச் சீட்டுக் குலுக்கியதுபோல் இரு பகுதியாக்கினர். ஒரு பகுதி நடுவரிடம் போயிற்று, மற்றது வழக்காடிற்று. நடுவரோடு பேசியவர்கள் சராசரி ஐந்து மணித்தியாலந்தான் செலவிட்டனர். 12 ஆண்டுகள் கழித்துப் போய்ப் பார்த்தார்கள். வழக்காடியவர்களில், பிள்ளையோடு வசிக்காத பெற்றோர் கிழமைக்கு ஒரு முறையேனும் பிள்ளையைக் கண்டது 100க்கு 9 பேர். நடுவரிடம் போனவர்களில் 28 பேர். கிழமைதோறும் தொலைபேசியில் பேசியவர்கள் ஒரு பக்கம் 14, மறுபக்கம் 52. சிறிய ஆய்வு, வேறொரு நாட்டு ஆய்வு. இருந்தாலும் ஐந்து மணித்தியாலம் பன்னிரண்டு வருடத்துக்குப் பலன் தருமென்றால் அந்த ஐந்து மணித்தியாலத்தை நாம் ஏன் கொடுக்கக்கூடாது?

அக்கரையிலும் இதனைச் செய்கிறார்கள். இந்தியாவில் 1984ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றச் சட்டம், வழக்கை விசாரிக்குமுன் இணக்கத்துக்கு முயல்வது நீதிபதியின் கடமை என்று விதித்தது. சென்னை உயர் நீதிமன்றத்தில் 2005இல் சமரச மையம் ஒன்று தொடங்கிற்று. கலிபோர்னியாவில் 1981 முதல் பிள்ளைப் பொறுப்பு வழக்குக்காரர் முதலில் நடுவரிடம் போயே தீரவேண்டும். நமது நாட்டில் அத்தகைய கட்டாயம் இல்லை, ஆட்கள் இருக்கிறார்கள். பிரதேச செயலகங்களில் உளவளத்துணை உத்தியோகத்தர், சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர், பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர், நன்னடத்தை உத்தியோகத்தர் என்று பலர் கடமையிலுள்ளனர். நமது மாவட்டத்தில் பிரதேச செயலகங்கள் பதினொன்று. பட்டினமும் சூழலும் முதல் வெருகல் வரை. ஆனால் ஊரில் எத்தனை பேருக்கு இவர்களைத் தெரியும்? கூப்பன், பிறப்புப் பத்திரம், காணிப் பத்திரம் என்றால் செயலகத்துக்கு ஓடுகிறோம். மனம் நொந்தால் சாத்திரியாரிடம் போகிறோம். சாத்திரியாரைக் குறை சொல்லவில்லை. அவரும் இருவரையும் இருத்தி ஆறுதலாகப் பேசுகிறார். ஆனால் அவர் கிரகத்தைப் பார்க்கிறார், பிள்ளையைப் பார்ப்பதில்லை.

உளவளத்துணை என்ற சொல்லைக் கேட்டவுடன் சிலர் பயப்படுகிறார்கள். யாழ்ப்பாணத்தில் சீர்மியம் என்பார்கள், பொருள் ஒன்றே. பைத்தியத்துக்கு மருந்து கொடுக்கிற வேலையல்ல அது. புத்திமதி சொல்கிற வேலையுமல்ல. புத்திமதி சொல்ல ஊரில் ஆள் தட்டுப்பாடு கிடையாது. ஒருவர் பேசி முடிக்கும் வரை குறுக்கிடாமல் கேட்பது, கேட்டதை இன்னொருவரிடம் சொல்லாமல் இருப்பது: வேலையின் பெரும் பகுதி இவ்வளவே. இரண்டாவதுதான் நமது ஊரில் அருமை. மத்தியஸ்தம் என்பது அதிலிருந்து வேறானது. அதிலே இருவரும் தாங்களே ஒரு முடிவுக்கு வருவதற்கு நடுவர் துணை நிற்கிறார். முன்னையது மனத்துக்கு, பின்னையது நடப்புக்கு. கோபத்தில் கொதிக்கிறவரை நேரே மத்தியஸ்தத்துக்கு இருத்தினால் பயனில்லை. முதலில் அவருக்குக் காது கொடுக்க ஒருவர் வேண்டும்.

அந்தப் பையனின் பெற்றோர் சேரவில்லை. பிரிந்தே இருக்கிறார்கள். ஆனால் ஒரு கடதாசியில் இருவரும் கையெழுத்திட்டார்கள். அதில் என்ன எழுதப்பட்டதென்று கேளுங்கள். இதுவே நான் சொல்ல வந்ததன் நடுப்பகுதி.

ஞாயிற்றுக்கிழமை அறநெறிப் பாடசாலை விட்டதும் தகப்பன் பிள்ளையைக் கோவில் வாசலில் வைத்துப் பொறுப்பேற்பது. விளக்கு வைக்கிற நேரத்துக்கு முன் அதே வாசலில் கொண்டுவந்து விடுவது. வீட்டு வாசலில் கொடுத்து வாங்கினால் அம்மம்மாவுக்கும் மருமகனுக்கும் வாய் நீளும். ஆகையால் கோவில் வாசல். பிள்ளையை எங்கே கூட்டிப் போவதென்று தகப்பனுக்கு இடமில்லாததால், அப்பம்மா வீட்டிலே ஓர் அறையை ஞாயிறுகளில் ஒழித்துத் தருவது. தொழிலுக்குக் கடலில் நிற்கிற கிழமைகளில் புதன் இரவு ஏழு மணிக்குத் தொலைபேசியில் பேசுவது. அந்த நேரத்தில் தாய் தொலைபேசியைப் பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டு அப்பால் போவது. தேர்ச்சி அறிக்கையை இருவரும் பார்ப்பது. காய்ச்சலென்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் அன்றே மற்றவருக்கு அறிவிப்பது. தீபாவளி ஒரு வருடம் இங்கே, பொங்கல் அங்கே, மறுவருடம் மாற்றி. கோணேசப் பெருமான் நகர்வலம் வருகிற நாளில் யார் பிள்ளையைத் தூக்கிக் காட்டுவது என்பதற்குக்கூட ஒரு வரி உண்டு. அதற்கு அரை மணித்தியாலம் வாதாடினார்கள். சிரிக்காதீர்கள். சங்கிலிக்கு மூன்று சனிக்கிழமை போயிற்று. சாமி காட்டுவதற்கு அரை மணித்தியாலம் போனதில் தவறென்ன?

பெண் பிள்ளையாக இருந்தால் இன்னொன்றும் எழுதி வைப்பது நல்லது: சாமத்தியச் சடங்கில் தகப்பன் எங்கே நிற்பது, அழைப்பிதழில் அவர் பெயர் வருமா, மாமன் சீரோடு அத்தைமார் வரலாமா. இதனை அன்றைக்குப் பார்க்கலாம் என்று விட்டுவிடுவார்கள். அன்றைக்கு, அந்தப் பிள்ளை கூறைச்சேலையோடு உள்ளே இருக்கும்போது, வாசலில் இரண்டு பக்கத்தாரும் சத்தம் போடுவார்கள். அவள் அதை ஆயுள் முழுதும் மறக்க மாட்டாள்.

தாபரிப்புப் பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டத்தின்படி பெற்றோர் பதிவுத் திருமணம் செய்திருந்தாலும் இல்லாவிட்டாலும் பிள்ளைக்குத் தாபரிப்புக் கேட்கலாம். நீதவான் நீதிமன்றத்தில் வழக்கு வைக்க வேண்டும். 18 வயது கடந்து 25 வயதுக்குள் தம்மைத் தாமே பராமரிக்க முடியாதிருக்கிற பிள்ளைகளுக்கும் அச்சட்டத்தில் இடமுண்டு. பல்கலைக்கழகத்தில் படிக்கிறவர்கள் இதனை அறிந்திருக்க வேண்டும். ஆனால் "காசு தந்தால் பிள்ளையைக் காட்டுகிறேன்", "பிள்ளையைக் காட்டினால் காசு தருகிறேன்" என்ற பேரத்தை எந்த நடுவரும் அனுமதிக்கக்கூடாது. பிள்ளைக்குச் சோறும் வேண்டும், தகப்பனும் வேண்டும். ஒன்றைக் கொடுத்து மற்றதை வாங்குவதற்கு இது மீன் சந்தையன்று.

இன்னுமொன்று. "நீ யாரோடு இருக்கப் போகிறாய்?" என்று பிள்ளையைச் சபை நடுவில் நிறுத்திக் கேட்கிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. பெரியவர்கள் அதை நீதி என்று எண்ணுகிறார்கள். அந்தக் கேள்விக்குப் பிள்ளை எந்த விடை சொன்னாலும் ஒருவரைக் கைவிட்டதாக அதன் மனத்தில் பதிந்துவிடும். பிள்ளையின் சொல்லைக் கேட்க வேண்டும். சிறுவர் சாசனத்தின் 12ஆம் உறுப்புரையும் அதையே வலியுறுத்துகிறது. ஆனால் கேட்கிற விதம் வேறு. தனியாக, பயிற்சி பெற்ற ஒருவர், வயதுக்கேற்றபடி கேட்க வேண்டும். "சனிக்கிழமை என்ன செய்வாய்? யார் உனக்குக் கணக்குச் சொல்லித் தருவார்? இரவில் பயம் வந்தால் யாரைக் கூப்பிடுவாய்?" என்று கேட்டால் போதும். தீர்மானிக்கிற சுமை பெரியவர்களுடையதாகவே இருக்கட்டும்.

பெற்றோருக்குச் சொல்ல வேண்டியது வேறு பல இருந்தாலும், இரண்டை மட்டும் எல்லோரிடமும் சொல்வோம். பிள்ளையைத் தூதாக அனுப்ப வேண்டாம். "அப்பாவிடம் போய்ச் சொல்லு, பள்ளிக் காசு கட்ட வேண்டுமென்று" என்கிற ஒரு வாக்கியமே பிள்ளையைச் சண்டைக்குள் இழுத்துவிடும். பிள்ளை திரும்பி வந்ததும் உளவு கேட்க வேண்டாம். அங்கே யார் வந்தார்கள், என்ன சமைத்தார்கள், என்ன சொன்னார்கள் என்று துருவித் துருவிக் கேட்கிற அம்மம்மாமார் இந்தச் சபையிலும் இருக்கலாம். கோபிக்க வேண்டாம்.

இளைஞர்களே, உங்களிடம் கேட்பது பெரியதன்று. நீங்கள் ஆலோசகராக வேண்டாம். அதற்குப் பயிற்சி வேண்டும், அரைகுறையாகச் செய்தால் தீங்கு. உங்கள் பகுதியின் உளவளத்துணை உத்தியோகத்தரையும் சிறுவர் உரிமை உத்தியோகத்தரையும் மன்றத்துக்கு அழைத்து, அவர்கள் எந்த நாளில் எங்கே இருப்பார்கள் என்று கேட்டு, கோவில் அறிவித்தற் பலகையில் எழுதிப் போடுங்கள். அறநெறி ஆசிரியர்களாக இருக்கிற தங்கைமாரும் தம்பிமாரும், வழக்கத்தில் கலகலப்பாக இருந்த பிள்ளை திடீரென்று ஒடுங்கினால் கவனியுங்கள். வகுப்பில் நிறுத்திக் காரணம் கேட்க வேண்டாம். உங்களுடைய நண்பன் வீட்டில் இது நடந்தால் அவனைப் பந்தாட்டத்துக்குக் கூப்பிடுவதை நிறுத்தி விடாதீர்கள். வீட்டில் பிரச்சினை, தனியே இருக்கட்டும் என்று விட்டுவிடுகிறோம். அவனுக்கு வேண்டியது அந்தப் பந்தாட்டந்தான்.

பெரியோர்களிடம் ஒரு வேண்டுகோள். மூதூரிலும் கிண்ணியாவிலும் குச்சவெளியிலும் இருந்து பிள்ளையைப் பார்க்க நகரத்துக்கு வருகிற பெற்றோர் இருக்கிறார்கள். மூதூருக்கு லோஞ்ச் ஒன்றையே நம்பியிருந்த காலம் போய், 2009இல் கிண்ணியாப் பாலமும் அதன்பின் மூதூர் வீதிப் பாலங்களும் திறந்த பிறகு வருவது எளிதாகிவிட்டது. வந்து எங்கே இருப்பது? பஸ் நிலையத்திலே, தேநீர்க் கடையிலே, வெயிலில் கடற்கரையிலே பிள்ளையோடு இரண்டு மணித்தியாலத்தைக் கழித்துவிட்டுப் போகிறார்கள். நமது மன்றக் கட்டடத்தின் பின்னறையில் பழைய நாற்காலிகளும் விழாப் பந்தற் சாமான்களும் அடைந்து கிடக்கின்றன. அதை ஒழித்து, வெள்ளையடித்து, ஒரு பாய், இரண்டு மூன்று விளையாட்டுச் சாமான், ஒரு குடிதண்ணீர்ப் பானை வைத்து, ஞாயிறு காலை ஒன்பது மணி முதல் மாலை ஐந்து மணி வரை திறந்து வைக்க முடியுமா என்று செயற்குழுவினரைக் கேட்டிருக்கிறேன். யார் வந்தார், யார் போனார் என்று வெளியில் பேசாத இருவர், ஓர் ஆணும் ஒரு பெண்ணும், முறை வைத்து அங்கே இருக்க வேண்டும். வருகிறவரிடம் காரணம் கேட்கக் கூடாது. சாதி, சமயம் கேட்கக் கூடாது. அறையின் சாவி யார் கையில் இருக்கும் என்பதை அடுத்த மாதக் கூட்டத்தில் தீர்மானித்துவிட்டால், பொங்கலுக்கு முன் தொடங்கிவிடலாம் என்று செயலாளர் சொல்கிறார். வெள்ளையடிப்பதற்கு நான் வருவேன்.